பனிக்கு லொக்கர் தேடும் தம்பி தங்கச்சிமாருக்கு

யூட்லாந்தில் பிக்கப் வாங்கிவிட்டோ, வாங்கப் பார்த்துக்கொண்டோ இருக்கும் தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும்,



ஹேர்னிங்கிலும் ஹொல்ஸ்டெப்ரோவிலும் வைலெயிலும் கிரின்ஸ்டெட்டிலும் உங்களில் பலர் இப்போது ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ், எல்200, அமரோக் என்று நாலு சில்லும் இழுக்கும் வாகனங்கள் வைத்திருக்கிறீர்கள். கிழமை நாட்களில் கட்டட வேலைக்கும் ட்ரெயிலர் இழுக்கவும் ஓடுகிற அதே வாகனம், பெப்ரவரி விடுமுறை வந்ததும் ஹிர்ட்ஷால்ஸில் கப்பலேறி நோர்வே மலைக்குப் போகிறது. கோயில் தேருக்கு வந்த இடத்தில், கலியாண மண்டப வாசலில், கராஜில் எண்ணெய் மாற்ற வந்தபோது என்று நீங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, பனிக்கு எந்த டிஃப் லொக் போடலாம்?" ஆளாளுக்குத் துண்டு துண்டாகப் பதில் சொன்னதில் எனக்குத் திருப்தியில்லை. உங்கள் காசு மட்டுமல்ல, பின் சீற்றில் இருக்கும் பிள்ளைகளும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

என் முடிவை முதலே சொல்கிறேன். பனியில் ஓடும் வாகனத்துக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் லொக்கர் போடாதீர்கள். பூட்டுவதும் விடுவதும் ஓட்டுபவர் கையில் இருக்கும் வகையை, பின் அக்சிலுக்கு மட்டும் போடுங்கள். அதையும் நல்ல பனி ரயர் வாங்கிய பிறகு போடுங்கள். ஏன் இந்த வரிசை என்பதுதான் இந்த மடல்.

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு உள்பக்கச் சில்லைவிடக் கூடத் தூரம் ஓட வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவதற்காகத்தான் டிஃபரன்ஷியல் இருக்கிறது. ஆனால் அது வேகத்தைப் பிரித்துக் கொடுத்தாலும் விசையைப் பிரித்துக் கொடுப்பதில்லை. இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஒரே அளவு விசைதான் போகும். ஒரு பக்கம் ஐஸில் நின்று சும்மா சுழன்றால், அந்தச் சில்லைச் சுழற்றப் போதுமான சிறு விசை எவ்வளவோ, அவ்வளவுதான் நல்ல தரையில் நிற்கும் மற்றச் சில்லுக்கும் கிடைக்கும். பலமில்லாத பக்கம்தான் முழு அக்சிலின் பலத்தையும் தீர்மானிக்கிறது. இரண்டு சில்லையும் ஒன்றாகப் பூட்டி இதைத் தடுப்பதுதான் லொக்கர், அதாவது டிஃப் லொக்.

கணக்காகவே பார்ப்போம். உங்கள் பிக்கப் 2,000 கிலோ என்று வையுங்கள். பின்பெட்டி வெறுமையாக இருக்கும்போது முன் அக்சிலில் 1,200 கிலோ, பின் அக்சிலில் 800 கிலோ. ஐஸில் ரயரின் பிடிமானக் குணகம் ஏறக்குறைய 0.1. பனி உருகிய ஈரத் தார் ரோட்டில் 0.6 என்று எடுப்போம். நூற்றுக்குப் பத்து ஏற்றம் ஒன்றில் ஏற உங்களுக்குச் சுமார் 200 கிலோ தள்ளுவிசை வேண்டும்.

இடப்பக்கச் சில்லுகள் இரண்டும் ஐஸில், வலப்பக்கம் தாரில். பின் சில்லு மட்டும் இழுக்கும்போது, சாதாரண டிஃபரன்ஷியலில் இடப்பக்கம் 40, வலப்பக்கமும் 40, மொத்தம் 80. ஏறாது. பின் டிஃபரன்ஷியலைப் பூட்டினால் இடம் 40, வலம் 240, மொத்தம் 280. ஏறிவிடும். நாலு சில்லுக்கும் மாற்றி, எதையும் பூட்டாமல் விட்டால் முன்னுக்கு 120, பின்னுக்கு 80, கூட்டினால் சரியாக 200. ரோட்டில் கொஞ்சம் பனி தடுத்தாலும் நின்றுவிடும். அதே நிலையில் பின்னை மட்டும் பூட்டுங்கள்: 400. தேவைக்கு இரண்டு மடங்கு. முன்னையும் பூட்டினால் 700 வரை போகும், ஆனால் அந்த ஏற்றத்துக்கு அது தேவையே இல்லை.

இனி, பலரும் கவனிக்காத பக்கத்துக்கு வருகிறேன். நாலு சில்லும் ஐஸில் நிற்கின்றன. பூட்டாமல் 200, பின்னைப் பூட்டினாலும் 200, முன்னையும் சேர்த்துப் பூட்டினாலும் அதே 200. லொக்கர் புதிதாக ஒரு பிடிமானத்தையும் உண்டாக்குவதில்லை. ஒரு பக்கத்தில் இருக்கும் பிடிமானம் வீணாகாமல் பார்ப்பது மட்டும்தான் அதன் வேலை. இரண்டு பக்கமும் ஒரே அளவு வழுக்கினால் காப்பாற்ற எதுவும் இல்லை. முழுவதும் பனி இறுகிய ஒரு மலைச்சாலையில் உங்கள் நிலை பெரும்பாலும் இதுதான்.

பயன் இல்லாததோடு முடிந்தால் பரவாயில்லை. தீங்கும் இருக்கிறது. ரயருக்கு இருக்கும் பிடிமானம் ஒன்றுதான். முன்னுக்குத் தள்ளவும் பக்கவாட்டில் நழுவாமல் நிற்கவும் அது அதையே பங்கிட்டுக்கொள்கிறது. ஒரு சில்லு சுழலத் தொடங்கினால் அதன் பக்கப்பிடி போய்விடும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சில்லு சுழலும்போது மற்றது அமைதியாக உருண்டுகொண்டு வாகனத்தின் பின்பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும். பூட்டிய அக்சிலில் சுழன்றால் இரண்டும் சேர்ந்தே சுழலும். பிடித்து வைக்க ஆளில்லை. நமது சின்னக் கிராமத்து ரோட்டுகள் தண்ணீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிந்தவை, கரையில் வாய்க்கால். மேற்கு யூட்லாந்தின் திறந்த வெளியில் காற்று பனியை அள்ளிக்கொண்டு வந்து ரோட்டுக்குக் குறுக்கே போடும்போது, பூட்டிய பின் அக்சிலோடு காலை அழுத்தினால் வாகனம் முன்னேறாது, மெதுவாக வாய்க்கால் பக்கம் நகரும். உள்ளே இருப்பவருக்கு ஏன் நகர்கிறது என்றே விளங்காது.

வன்னியில் வயல் உழுத பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாசி பெர்குசன் 135 உழவு இயந்திரத்தில் வலக் குதிக்காலுக்குக் கிட்ட ஒரு பெடல் இருக்கும். ஒரு பக்கப் பெரிய சில்லு சேற்றில் புதைந்து சுழலத் தொடங்கினால் குதியால் அதை மிதிப்பார்கள், டிஃபரன்ஷியல் பூட்டும், இயந்திரம் வெளியே வரும். வரம்பில் திரும்ப முதல் பெடல் விடுபட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது. அதே இயந்திரத்தில் இடச் சில்லுக்கும் வலச் சில்லுக்கும் தனித்தனி பிரேக் பெடல் உண்டு. சுழலும் பக்கத்துப் பிரேக்கை மெதுவாக மிதித்தால் விசை மற்றப் பக்கத்துக்குப் போகும். இன்று உங்கள் பிக்கப்பில் ட்ராக்‌ஷன் கொன்ட்ரோல் என்ற பெயரில் கம்பியூட்டர் செய்கிற வேலை இதுவேதான். லொக்கரை எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்ற அறிவு நம் வீட்டிலேயே இருந்திருக்கிறது. தேவைப்பட்ட சில மீற்றருக்குப் பூட்டுவது, திரும்ப முதல் விடுவது. பனிக்கும் இதற்கு மேல் விதி இல்லை.

அந்த விதியோடு ஒவ்வொரு வகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தானாகப் பூட்டும் வகையில் பேர் பெற்றது டிட்ரொய்ட் லொக்கர். அதற்கு வயரும் இல்லை, காற்றுக் குழாயும் இல்லை, பொத்தானும் இல்லை. எஞ்சின் தள்ளும்போது இரண்டு பக்கமும் பூட்டியிருக்கும். வளைவில் வெளிச்சில்லு முந்தினால் உள்ளே இருக்கும் பற்கள் விலகி அதை விட்டுக்கொடுக்கும், பிறகு திரும்பவும் கவ்வும். இரும்பால் செய்த முரட்டுச் சாமான், கல்லிலும் பாலைவனத்திலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அதன் உறுதியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது எப்போது பூட்டுவது என்பதை உங்கள் வலக்காலை வைத்துத் தீர்மானிக்கிறது. வளைவின் நடுவில் அக்சிலரேற்றரைக் கொஞ்சம் கூட்டினாலோ விட்டாலோ அது கவ்வும், அல்லது விடும். தார் ரோட்டில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்பதோடு போய்விடும். வழுக்கும் பனியில் அந்த ஒரு தட்டுப் போதும், பின்பக்கம் வெளியே வீசுவதற்கு. வாகனம் கட்டையாக இருந்தால் இன்னும் மோசம். பிக்கப் நீளம் என்பதால் கொஞ்சம் தாங்கும். அதை நம்பிக் குடும்பத்தோடு மலையில் இறங்க நான் சொல்ல மாட்டேன். விலை குறைவு என்பதற்காகப் பழைய டிஃபரன்ஷியல் கூட்டுக்குள்ளேயே செருகிவிடும் சிறிய தானியங்கி லொக்கர்களும் விற்கிறார்கள். பனிக்கு அவையும் இதே கணக்குத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு, என் பார்வையில் அதுதான் பெரியது. ஐரோப்பாவில் 2014 நவம்பருக்குப் பிறகு விற்கும் புதுக் கார்களில் வழுக்கல் தடுப்பு முறை கட்டாயம். இப்போதைய பிக்கப்புகளிலும் அது இருக்கிறது. வாகனம் பக்கவாட்டில் திரும்பத் தொடங்கினால் அது ஒரே ஒரு சில்லை மட்டும் பிரேக் பிடித்து நேராக்கும். அக்சில் பூட்டியிருந்தால் ஒரு சில்லில் பிடித்த பிரேக் மற்றச் சில்லுக்கும் போய்விடும். நேராக்கும் விசை இல்லாமல் போகும். அதனால்தான் பல வாகனங்களில் நீங்கள் டிஃப் லொக் பொத்தானை அழுத்தினதும் அந்தப் பாதுகாப்பு முறையைக் கம்பெனியே நிறுத்திவிடுகிறது, மஞ்சள் விளக்கும் எரியும். பொத்தானை விட்டால் பாதுகாப்புத் திரும்ப வரும். தானியங்கி லொக்கருக்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை. அது பூட்டியதும் விட்டதும் கம்பியூட்டருக்குத் தெரியாது. பனியில் உங்களைக் காப்பாற்றும் மிக முக்கியமான சாமானை, ஒரு லொக்கருக்காக நீங்களே குழப்பிவிடுகிறீர்கள்.

பல்சக்கரத்தால் இயங்கும் லிமிற்றட் ஸ்லிப், டோர்சன், ட்ரூட்ராக் என்று பேர் சொல்லி விற்பது, இதற்கு நேர் எதிர்க் குணம் கொண்டது. முழுவதாகப் பூட்டாது. பலமில்லாத பக்கம் தாங்கும் விசையின் ஏறக்குறைய மூன்று மடங்கு வரை மற்றப் பக்கத்துக்குக் கொடுக்கும், அதுவும் தட்டு முட்டு இல்லாமல். முன்பு பார்த்த ஏற்றத்தில் 40உம் 120உம் சேர்ந்து 160 வரும். சாதாரண டிஃபரன்ஷியலின் இரண்டு மடங்கு. நாள் முழுக்க அரைகுறைப் பனியில் ஓடும் ஒருவருக்கு இது இதமான சாமான். ஆனால் ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கினால் பூச்சியத்தின் மூன்று மடங்கும் பூச்சியம்தான். அப்போது இடக்காலால் பிரேக்கை இலேசாக மிதித்தால் அந்தச் சில்லுக்கு ஒரு தடை கிடைத்து மற்றப் பக்கம் இழுக்கும். உராய்வுத் தட்டுகள் வைத்த லிமிற்றட் ஸ்லிப் வேறு வகை; அதன் தட்டுகள் தேயும், அதற்கென்று சேர்க்கை போட்ட எண்ணெய் வேண்டும்.

கையால் பூட்டும் வகையில் இரண்டு உண்டு: காற்றால் தள்ளுவது, மின்சாரத்தால் இழுப்பது. காற்று வகையில் அவுஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. ஏர் லொக்கர்தான் எல்லாருக்கும் தெரிந்தது. பொத்தானை அழுத்தினால் சிறு கொம்பிரசர் காற்றை அனுப்பும், டிஃபரன்ஷியலுக்குள் ஒரு வளையம் நகர்ந்து பற்களைக் கோத்துவிடும். விட்டால் சாதாரண டிஃபரன்ஷியல். வேறு ஒரு குணமும் இருக்காது. அதே கொம்பிரசரால் ரயருக்கும் காற்று அடிக்கலாம் என்பது பனிக்காரருக்குப் பெரிய இலாபம். பலவீனம் என்னவென்றால், டென்மார்க்கின் ஈரக் காற்றைத்தான் அந்தக் கொம்பிரசர் உறிஞ்சுகிறது. குழாயின் தாழ்வான வளைவில் தண்ணீர் தேங்கி, மலையில் இரவு குளிரில் உறைந்தால் காற்றுப் போகாது. அதனால் லொக்கரைப் பொருத்தும்போது குழாய் தொங்காமல் தொடர்ச்சியாகச் சரிவாகப் போகிறதா, எக்ஸோஸ்டுக்குக் கிட்டப் போகாமல் இருக்கிறதா என்று நின்று பாருங்கள். மின்சார வகையில், ஈட்டன் ஈ-லொக்கர் போல, குழாய் இல்லை, ஒரு வயரும் இணைப்பியும்தான். அதன் எதிரி உப்பு. நமது ரோட்டுகளில் மாரி முழுக்க உப்புத் தண்ணீர்தான் தெறிக்கிறது. இணைப்பிக்குள் ஒருமுறை போனால் பச்சை பூத்துவிடும். பிறகு தேவைப்படும் இரவில் பொத்தான் எரியும், அக்சில் பூட்டாது. இணைப்பியைக் கிரீஸ் வைத்து மூடி, அக்சிலின் மேல்பக்கமாகக் கட்டச் சொல்லுங்கள்.

உங்களில் பலருக்கு இந்தச் செலவே தேவையில்லை. ஹைலக்ஸ், ரேஞ்சர், 2020க்குப் பிந்திய டி-மேக்ஸ் ஆகியவற்றின் பல வகைகளில் பின் டிஃப் லொக் கம்பெனியிலிருந்தே வருகிறது. பாவித்த வாகனம் வாங்குபவர்கள் அந்தப் பொத்தான் இருக்கும் வகையைத் தேடி வாங்குங்கள். பிறகு பொருத்துவதற்குக் கொடுக்கும் காசை விட அது மலிவாக முடியும்.

முன் அக்சிலைப் பற்றி. ரேஞ்சர் ராப்டரில் 2022இலிருந்து முன்னும் பின்னும் லொக் வருகிறது, ரூபிகொன் ஜீப்பிலும் உண்டு, அதைப் பார்த்துத்தான் "முன்னுக்கும் போடுவமா" என்று கேட்கிறீர்கள். டென்மார்க் படையும் பாவிக்கிற மெர்சிடிஸ் ஜி-வாகனத்தின் கதையைப் பாருங்கள். 1990இல் வந்த 463 வகையில் மூன்று பொத்தான்கள் வரிசையாக இருக்கும்: முதலில் நடு, பிறகு பின், கடைசியில் முன். அந்த வரிசையை மீறாதபடிதான் வைத்திருக்கிறார்கள். முன்னைப் பூட்டினால் இரண்டு முன் சில்லும் ஒரே வேகத்தில் போகப் பார்க்கும், அதாவது நேரே போகப் பார்க்கும். பனியில் நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வாகனம் மூக்கைத் திருப்பாது. ஆழமான பனியில் புதைந்து நேராகப் பின்னுக்கு வர வேண்டிய இடத்தில் மட்டும் அது உதவும். அதற்கு ஒரு மண்வெட்டியும் இழுவைக் கயிறும் மலிவு. முன்னுக்குத் தானியங்கி லொக்கர் போடுவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நமது நாட்டின் பனிக்கு அக்சில் லொக்கரை விட முக்கியமான ஒன்றை யாரும் கேட்பதில்லை: நடு டிஃபரன்ஷியல். டென்மார்க்கில் மிக உயர்ந்த இடமே 171 மீற்றரைத் தொடாது. குளிர் பூச்சியத்தைச் சுற்றித்தான் ஆடுகிறது. ஒரு கிலோமீற்றர் காய்ந்த தார், அடுத்த ஐந்நூறு மீற்றர் காற்று அள்ளிப்போட்ட பனி, திரும்பவும் உப்புப் போட்ட ஈரம். பெரும்பாலான பிக்கப்புகளில் நாலு சில்லுக்கு மாற்றினால் முன்னும் பின்னும் இறுக்கமாகக் கோக்கப்படும், நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. காய்ந்த தாரில் வளைவுகளில் அப்படி ஓடினால் கியர்களில் முறுக்கு ஏறி உடைப்பு வரும். அதனால் ஆட்கள் பின் சில்லில் மட்டும் ஓடுகிறார்கள், பனித்துண்டு வரும்போது மாற்ற நேரம் கிடைப்பதில்லை. வெறும்பெட்டியோடு பின் சில்லில் ஓடும் பிக்கப், பனியில் மிக மோசமான வாகனம். மிட்சுபிஷி எல்200இன் சுப்பர் செலெக்ட் முறையிலும், முதல் தலைமுறை ஓட்டோமற்றிக் அமரோக்கின் நிரந்தர நாலு சில்லு முறையிலும் நடு டிஃபரன்ஷியல் இருக்கிறது, காய்ந்த தாரிலும் நாலு சில்லில் விட்டுவிடலாம். ஹேர்னிங்கிலிருந்து ஓர்ஹூஸுக்குத் தினமும் வேலைக்குப் போகும் ஒருவர் என்னிடம் கேட்டால், பின் லொக்கர் உள்ள வாகனத்தை விட இதைத்தான் முதலில் காட்டுவேன்.

இனி ரயர். மேலே ஐஸின் குணகத்தை 0.1 என்று எடுத்தோம். ரயரை மாற்றி அதை 0.2 ஆக்க முடிந்தால், எதையும் பூட்டாமலே நாலு சில்லில் 400 கிலோ வரும், பின் லொக்கர் கொடுத்த அதே அளவு. ரயர் கொடுக்கும் 400 நாலு சில்லும் ஐஸில் நிற்கும்போதும் கிடைக்கும், பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் கிடைக்கும். லொக்கர் நிற்பதற்கு ஒரு உதவியும் செய்யாது. டென்மார்க்கில் பனி ரயர் சட்டப்படி கட்டாயம் இல்லை என்பதால் நம் ஆட்கள் பலர் பெரிய கட்டிகள் வைத்த சேற்று ரயரையே மாரியிலும் ஓட்டுகிறார்கள். பார்க்க முரடாக இருக்கும் அந்த ரயர் ஐஸில் மிக மோசம். கட்டிகள் பெரிது, அவற்றில் மெல்லிய வெட்டுகள் இல்லை, ரப்பர் குளிரில் இறுகிவிடும். பக்கத்தில் மூன்று சிகர மலையும் பனிப்பூவும் பதித்த ரயரைப் பார்த்து வாங்குங்கள். எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் போதாது. எல்லை தாண்டி ஃபிளென்ஸ்பேர்க்குக்குச் சாமான் வாங்கப் போகும்போதும் இது முக்கியம், ஜெர்மனியில் 2024 ஒக்டோபரிலிருந்து மாரி நிலையில் அந்தப் பூக்குறி உள்ள ரயர்தான் செல்லும். ஆணி ரயர் டென்மார்க்கில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை போடலாம், போட்டால் எல்லாச் சில்லிலும் போட வேண்டும். நோர்வே மலையில் அதிகம் ஓடுபவர்களுக்கு அது நல்லது. ஆனால் ஒஸ்லோவிலும் பேர்கனிலும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, ஜெர்மனிக்குள் ஆணியோடு போகவே கூடாது. ஆழமான பனியில் ரயர்க் காற்றைக் குறைப்பது எந்த லொக்கரையும் விடப் பெரிய உதவி. ஐஸ்லாந்துக்காரர் பனிப்பாறைகளில் பெரிய ரயர்களை ஒற்றை இலக்க பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, பனியின் மேல் மிதந்து போகிறார்கள். உங்கள் சாதாரண ரயரில் 15, 18 வரைக்கும் இறக்கலாம், மெதுவாக மட்டும் ஓட வேண்டும், தாருக்கு வந்ததும் திரும்ப அடிக்க வேண்டும்.

வீடியோக்களில் பார்க்கிற மாதிரி, உழப்படாத மலைப்பாதைப் பனியைக் கிழித்துக்கொண்டு போகலாம் என்ற ஆசையில் லொக்கர் கேட்கும் தம்பிமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நோர்வேயில் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி ரோட்டுக்கு வெளியே இயற்கை நிலத்தில் மோட்டார் வாகனம் ஓட்டத் தடை. அந்தச் சட்டம், கார் ஓடுவதற்காகப் பனி அகற்றப்படாத பாதையையும் வெளி நிலமாகவே கணிக்கிறது. அதாவது கோடையில் நீங்கள் ஓடிய அதே மலைச்சாலை, மாரியில் உழப்படாமல் கிடந்தால், அதில் இறங்குவது குற்றம். சுவீடனிலும் 1975ஆம் ஆண்டிலிருந்து இதற்கென்று சட்டம் இருக்கிறது. டென்மார்க்கில் றோமோ, ஃபானோ, புளொக்ஹூஸ் கடற்கரைகளில் குறித்த இடங்களில் மணலில் ஓடலாம், காட்டுக்குள் ஓட முடியாது. ஆகவே உங்களுக்கு லொக்கர் உண்மையில் உதவப்போகும் இடங்கள் சிறியவை: மலைக் குடிசைக்குப் போகும் உழுத தனிப்பாதையின் கடைசி ஏற்றம், ஒரு சில்லு வாய்க்காலுக்குள் இறங்கிய நேரம், ஈரப் புல்லில் ட்ரெயிலரை இழுக்கும் தோட்டம், கட்டட வேலைத்தலத்தின் களி. இவை எல்லாம் சில மீற்றர் வேலை. பொத்தானால் பூட்டி, முடிந்ததும் விடக்கூடிய பின் லொக்கர் இவற்றுக்கு அளவாகப் போதும். நோர்வேயின் ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தைக் கடக்கும் 7ஆம் இலக்கச் சாலையில் புயல் நாட்களில் பனி உழவு வாகனத்துக்குப் பின்னால் வரிசையாக விடுவார்கள். அந்த வரிசையில் உங்களுக்கு வேண்டியது நல்ல ரயர், நிறைந்த தாங்கி, பிள்ளைகளுக்குப் போர்வை. லொக் பொத்தானைத் தொடவே கூடாது.

2024 ஜனவரி 3ஆம் தேதி ஈ45 நெடுஞ்சாலையில் ராண்டர்ஸுக்குப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான வாகனங்கள் பனியில் மாட்டி, இரவைக் கடந்து அடுத்த நாள் வரை நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அதைக் காட்டித்தான் சிலர் லொக்கருக்கு நியாயம் சொல்கிறார்கள். அங்கே முன்னால் பாரவூர்திகள் குறுக்கே நின்றுவிட்டால், மூன்று லொக்கர் வைத்த ஜி-வாகனமும் அதே வரிசையில்தான் நிற்கும். 2010 டிசம்பரில் போர்ன்ஹொல்ம் தீவு பனிக்குள் புதைந்தபோது ஆட்களை ஏற்றி இறக்கியவை படையின் சங்கிலிப் பட்டை வாகனங்கள். சாதாரண வாகனங்களால் அந்தக் குவியல்களில் ஓட முடியவில்லை. அப்படியான நாளில் வெளியே போகாமல் வீட்டில் இருப்பதைத்தான் நான் சொல்வேன்.

இவ்வளவுக்குப் பிறகும் லொக்கர் பொருத்துவது என்று முடிவெடுத்தால், கீழே தரையில் படுத்து நண்பனோடு செய்யும் வேலையாக எடுக்காதீர்கள். கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையிலான இடைவெளி மில்லிமீற்றரின் நூறில் பங்குக் கணக்கில் வைக்க வேண்டியது. பல்லில் சாயம் பூசிச் சுழற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் மூட வேண்டும். பிழைத்தால் ஊளைச் சத்தம் வரும், பிறகு பல் போகும். வாங்குமுன் உங்கள் அக்சிலின் வகையும் கியர் விகிதமும் அரைத்தண்டின் பல்லெண்ணிக்கையும் எழுதிக் கொடுங்கள். மொடல் பேர் மட்டும் சொல்லி வாங்கி, பொருந்தாமல் திருப்பி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அக்சிலைத் திறக்க முதலே வாகனப் பரிசோதனை செய்யும் சூன் நிலையத்திடமும் காப்புறுதிக் கம்பெனியிடமும் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்திருங்கள்.

பாவிக்கும் முறை. சுழலும்போது பூட்டாதீர்கள், நின்று, அல்லது ஊர்ந்துகொண்டு, சில்லுகள் அமைதியாக இருக்கும்போது பூட்டுங்கள். சுழன்றுகொண்டிருக்கும் சில்லை ஒரே அடியில் கோத்தால் பற்களோ அரைத்தண்டோ உடையும். மாட்டிய பிறகு பூட்டுவதை விட, மாட்டப்போகும் இடத்தைப் பார்த்து முன்னரே பூட்டுவது நல்லது. ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். பக்கச் சரிவில் பூட்டாதீர்கள். பல மொடல்களில் லோ கியரில் மட்டும்தான் பொத்தான் வேலை செய்யும், கைநூலில் பாருங்கள். வெளியே வந்ததும் விடுங்கள், விட்ட பிறகும் விளக்கு எரிந்தால் கொஞ்சம் முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பினால் முறுக்கு இறங்கி விடுபடும்.

கம்பெனி லொக்கரோடு வாகனம் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை. ஆண்டுக்கணக்கில் அழுத்தப்படாத லொக்கர், குறிப்பாக மின் மோட்டரால் தள்ளும் வகை, துருவும் பழைய கிரீஸும் பிடித்து இறுகிவிடும். மாதத்துக்கு ஒருமுறை சரளைக் கல் போட்ட வளவிலோ புல்லிலோ நிறுத்தி, பூட்டி, சில மீற்றர் நேராக ஓட்டி, விடுங்கள். விளக்கு சில நொடி மின்னி, பிறகு நிலையாக எரிந்தால் பற்கள் கோத்துவிட்டன. மின்னிக்கொண்டே இருந்தால் கோக்கவில்லை. அப்படியென்றால் ஒக்டோபருக்குள், உப்பு விழ முதல், கராஜுக்குக் கொண்டு வாருங்கள்; ஜனவரியில் வந்தால் அந்த போல்டுகள் கழலாது.

அன்புடன்,
ஹேர்னிங்கிலிருந்து உங்கள் அண்ணன், ஒரு மெக்கானிக்